கரிக்குழாய்க்குள் ஹைட்ரஜன் அடங்குமா?

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

எரிபொருள் என்றதும் நம் நினைவுக்கு வருவன விறகு, நிலக்கரி, மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவையே. இவை யாவும் எரியும்போது கரியமில வாயுவை வெளிவிடுகின்றன. ஆனால் ஆக்சிஜனுடன் சேர்ந்தபின் தண்ணீரை மட்டும் விட்டுச் செல்லும் எரிபொருள் ஒன்று உண்டு. அதுவே ஹைட்ரஜன். 1766-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு அறிஞர் ஹென்றி கேவண்டிஷ் இவ்வாயுவைத் தனியே பிரித்து ஆராய்ந்தார். 'நீரை உண்டாக்குவது' என்னும் பொருளில் ஹைட்ரஜன் என்று இதற்குப் பெயரிட்டவர் பிரான்சு நாட்டு அறிஞர் லவாய்சியர்.

ஒரு கிலோ பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 44 மெகா ஜூல் ஆற்றல் கிடைக்கும். ஒரு கிலோ ஹைட்ரஜன் தருவதோ 120 மெகா ஜூல். எடைக்கு எடை பார்த்தால் இதற்கு நிகரான வேதி எரிபொருள் வேறில்லை. அங்ஙனமாயின், சாலையில் ஓடும் வண்டிகள் அனைத்தும் ஏன் இன்னும் ஹைட்ரஜனில் ஓடவில்லை? இயற்கை வாயுவிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருப்பது ஒரு காரணம். அதற்கு இணையான மற்றொரு காரணம், பிரித்தெடுத்ததை வைத்துக்கொள்ளத் தக்க கலம் கிடைக்காமையே. இந்தச் சிக்கலைத் தீர்க்கும் என்று உலகம் ஒரு காலத்தில் பெரிதும் நம்பிய பொருள் கார்பன் நானோகுழாய். அந்த நம்பிக்கை எவ்வாறு எழுந்தது, எவ்வாறு சோதிக்கப்பட்டது, இறுதியில் என்ன ஆயிற்று என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அகப்படாத வாயு

தனிமங்கள் அனைத்திலும் இலேசானது ஹைட்ரஜன். அதன் பெருமையும் அதுவே, சிறுமையும் அதுவே. அறை வெப்பநிலையில், சாதாரணக் காற்றழுத்தத்தில், ஒரு கிலோ ஹைட்ரஜன் ஏறத்தாழ 12,000 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. எரிபொருள் மின்கலத்தால் இயங்கும் ஒரு கார் 500 கிலோமீட்டர் ஓடச் சுமார் 5 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். அதை அழுத்தாமல் அப்படியே வைப்பதானால் 5 மீட்டர் நீளமும், 4 மீட்டர் அகலமும், 3 மீட்டர் உயரமும் உள்ள ஓர் அறை முழுவதும் தேவைப்படும். காரைவிடப் பெரிய அறையைக் காரின் மேல் ஏற்றிச் செல்ல இயலுமா?

ஆகவே இந்த வாயுவைச் சுருக்கியாக வேண்டும். அதற்கு இதுவரை மூன்று வழிகள் கையாளப்பட்டுள்ளன.

முதலாவது, அழுத்துதல். நம் ஆய்வகங்களில் காணும் எஃகு உருளைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆனால் ஐம்பது அறுபது கிலோ எடையுள்ள ஓர் உருளையில் அடங்கும் ஹைட்ரஜன் அரை கிலோவுக்குச் சற்றே கூடுதல். அதாவது, சுமப்பதில் நூற்றில் ஒரு பங்கே எரிபொருள், எஞ்சியதெல்லாம் இரும்பு. அழுத்தத்தை 700 வளிமண்டல அளவுக்கு உயர்த்தினாலும் ஒரு லிட்டரில் அடங்குவது ஏறத்தாழ 40 கிராம்தான்.

இரண்டாவது, திரவமாக்குதல். 1898-ல் இலண்டனில் ஜேம்ஸ் டூவர் என்னும் அறிஞர் ஹைட்ரஜனைத் திரவமாக்கிக் காட்டினார். அதன் கொதிநிலை சுழியத்துக்குக் கீழே 253 டிகிரி செல்சியஸ். திரவ நிலையில் ஒரு லிட்டரின் எடை 71 கிராம். ஆனால் இவ்வளவு குளிர வைப்பதற்கே, அந்த ஹைட்ரஜன் தரக்கூடிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு செலவாகிவிடுகிறது. எவ்வளவு நல்ல கலமாயினும் வெளி வெப்பம் சிறிது சிறிதாக உட்புகும். திரவமும் சிறிது சிறிதாக ஆவியாகும். விண்கலத்துக்கு இது பொருந்தும். தமிழ்நாட்டில் மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் கிரையோஜெனிக் எந்திரங்கள் திரவ ஹைட்ரஜனையே எரிபொருளாகக் கொண்டவை. 2014 சனவரியில் ஜி.எஸ்.எல்.வி. டி-5 ஏவுகலம் நம் நாட்டிலேயே உருவான கிரையோஜெனிக் அடுக்குடன் வெற்றிகரமாகப் பறந்தது. ஆனால் ஏவுகலத்தில் நிரப்பிய எரிபொருள் சில மணி நேரத்தில் செலவாகிவிடும். ஒரு வாரம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கு அது ஒத்து வராது.

மூன்றாவது, உலோகத்துக்குள் நுழைத்தல். பல்லேடியம் என்னும் உலோகம் தன் கன அளவைப்போல் பல நூறு மடங்கு ஹைட்ரஜனை உறிஞ்சிக்கொள்ளும் என்பதைத் தாமஸ் கிரகாம் 1866-ல் கண்டறிந்தார். ஆனால் பல்லேடியம் விலையுயர்ந்தது. லாந்தனமும் நிக்கலும் கலந்த உலோகக்கலவை அறை வெப்பநிலையிலேயே ஹைட்ரஜனை வாங்கவும் கொடுக்கவும் செய்யும். ஆயினும் அது ஏற்பது தன் எடையில் ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவே. மெக்னீசியமோ 7.6 விழுக்காடு வரை ஏற்கும். ஆனால் ஏற்றதைத் திருப்பித் தர ஏறத்தாழ 300 டிகிரி வெப்பம் கேட்கும். கொடுப்பவன் ஏழை, செல்வனோ கஞ்சன் என்ற கதைதான்.

இங்கே ஒரு வியப்பைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை. ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனில் இருப்பது 71 கிராம் ஹைட்ரஜன். ஆனால் ஒரு லிட்டர் சாதாரணத் தண்ணீரில் 111 கிராம் ஹைட்ரஜன் உள்ளது! வேதிப் பிணைப்பு, குளிரையும் அழுத்தத்தையும்விட நெருக்கமாக அணுக்களைக் கட்டிவைக்க வல்லது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் அந்தக் கட்டை அவிழ்க்கப் பெரும் ஆற்றல் செலவிட வேண்டும். இறுகக் கட்டவும் கூடாது. கட்டாமல் விடவும் கூடாது. இதுதான் ஹைட்ரஜன் சேமிப்பின் உயிர்நாடியான வினா.

சுருட்டிய பாய்

கார்பனின் இரு பழைய வடிவங்களை நாம் அறிவோம். ஒன்று வைரம், மற்றொன்று கிராபைட். கிராபைட்டில் ஒவ்வொரு கார்பன் அணுவும் அண்டையிலுள்ள மூன்று அணுக்களுடன் பிணைந்து, தேன்கூட்டின் அறைகளைப்போல் அறுகோணங்களாலான தளங்களை அமைக்கிறது. ஓர் அணுவுக்கும் அடுத்த அணுவுக்கும் இடையே உள்ள தொலைவு 0.142 நானோமீட்டர். ஒரு தளத்துக்கும் அடுத்த தளத்துக்கும் இடையே உள்ள தொலைவு 0.335 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒன்றே நானோமீட்டர். தளங்கள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குவதாலேயே பென்சிலால் காகிதத்தில் எழுத முடிகிறது.

1985-ல் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகிய மூவரும் அவர்தம் மாணவர்களும் 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூற்றைக் கண்டறிந்தனர். அதற்காக அம்மூவர்க்கும் 1996-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1991-ல் ஜப்பான் நாட்டு அறிஞர் சுமியோ இஜிமா, கார்பன் தண்டுகளுக்கிடையே மின்வில் எரித்தபோது படிந்த கரியை எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராய்ந்தார். அதில் ஊசி போன்ற நுண்குழாய்கள், குழாய்க்குள் குழாயாகச் செருகப்பட்டிருக்கக் கண்டார். இத்தகைய நுண்குழாய்களின் படங்கள் 1952-லேயே சோவியத் நாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்துள்ளன. எனினும் உலகின் கவனத்தை ஈர்த்தது இஜிமாவின் கட்டுரையே. 1993-ல் ஒரே சுவர் கொண்ட குழாய்கள், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே உருவாக்கப்பட்டன.

நானோகுழாய் என்பது என்ன? கிராபைட்டின் ஒரே ஒரு தளத்தை எடுத்துப் பாயைச் சுருட்டுவதுபோல் சுருட்டி, விளிம்புகளை இணைத்துவிட்டால் அதுவே ஒற்றைச்சுவர் நானோகுழாய். அதன் விட்டம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நானோமீட்டர். நீளமோ அதைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு.

கோடு போட்ட பாயை நேராகவும் சுருட்டலாம், சாய்வாகவும் சுருட்டலாம். நேராகச் சுருட்டினால் கோடுகள் வளையங்களாகும். சாய்வாகச் சுருட்டினால் திருகுப் படிக்கட்டுப்போல் சுற்றிச் செல்லும். கார்பன் தளத்தையும் அவ்வாறே பல சாய்வுகளில் சுருட்டலாம். எந்தச் சாய்வில், எவ்வளவு அகலத்தில் சுருட்டப்பட்டது என்பதை இரண்டு முழு எண்களால் குறிப்பர். அவ்விரு எண்களின் வேறுபாடு மூன்றால் வகுபடுமாயின் குழாய் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்தும், வகுபடாவிடில் குறைகடத்தியாகும். மூன்றில் ஒரு பங்கு குழாய்கள் உலோகத்தன்மையும், மூன்றில் இரண்டு பங்கு குறைகடத்தித் தன்மையும் பெறுவது இக்கணக்கினால்தான். ஒரே தனிமம், ஒரே பிணைப்பு, சுருட்டும் கோணம் மட்டுமே வேறு. அதனால் இயல்பே மாறிவிடுகிறது. இதை 1992-லேயே கோட்பாட்டாளர்கள் கணித்துச் சொன்னார்கள்; பின்னர் சோதனைகள் உறுதி செய்தன.

வலிமையிலும் இக்குழாய்கள் குறைந்தவையல்ல. இழுத்தலை எதிர்க்கும் விறைப்பை யங் குணகத்தால் அளப்பதை நாம் இயற்பியல் வகுப்பில் கற்றுள்ளோம். எஃகுக்கு அது ஏறத்தாழ 200 கிகா பாஸ்கல். நானோகுழாய்க்கோ 1,000 கிகா பாஸ்கல் அளவில் உள்ளது. வெப்பங் கடத்துவதிலும் தனிக்குழாய் ஒன்று செம்பைப் பன்மடங்கு விஞ்சுகிறது.

பழம்பானையிலும் நானோகுழாய்

கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளின் கரும்பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக 2020-ல் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்விதழில் வெளியிட்டனர். அதற்கு முன்னரே, 2006-ல், பழைய டமாஸ்கஸ் வாள் ஒன்றில் நானோகுழாய்களைக் கண்டதாக ஜெர்மானிய ஆய்வாளர்கள் அறிவித்திருந்தனர். அவ்வகை வாள்களுக்கு உரிய உருக்கு தென்னிந்தியாவிலிருந்து சென்றது என்பது வரலாறு.

இதைக் கொண்டு நம் முன்னோர்க்கு நானோ அறிவியல் தெரியும் என்று மார்தட்டுவது பொருந்தாது. தாவரப் பொருளும் உலோகத் துணுக்கும் மிகுந்த வெப்பத்தில் சேரும் இடத்தில் இத்தகைய குழாய்கள் தாமே தோன்றக் கூடும். ஆனால் சூளையின் வெப்பத்தையும் பூச்சின் பக்குவத்தையும் அனுபவத்தால் அறிந்து, இரண்டாயிரம் ஆண்டுகள் கடந்தும் உதிராத பூச்சைச் செய்த குயவரின் கைத்திறனுக்கு நாம் தலைவணங்கலாம். அதற்கு மிகைப்படுத்தல் வேண்டியதில்லை.

கரி வாயுவைப் பிடிப்பது எப்படி?

மரக்கரி வாயுக்களைத் தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்ளும். இதனைப் பரப்புக் கவர்ச்சி என்கிறோம். தண்ணீரை உறிஞ்சும் பஞ்சில் தண்ணீர் உள்ளே செல்கிறது. பரப்புக் கவர்ச்சியிலோ மூலக்கூறுகள் பரப்பின்மேல் படிகின்றன. ஹைட்ரஜனைத் திரவமாக்கிய அதே டூவர், திரவக் காற்றால் குளிரவைத்த கரியைக் கொண்டு கலங்களில் எஞ்சிய வாயுவை உறிஞ்சச் செய்து உயர்ந்த வெற்றிடத்தை உண்டாக்கினார். ஆகவே கரி வாயுவைக் கவர்வது புதுச் செய்தியன்று. குளிர்ச்சி மிகுந்தால் கவர்ச்சியும் மிகும் என்பதும் அப்போதே தெரிந்ததுதான்.

பரப்புக் கவர்ச்சி இருவகைப்படும். மூலக்கூறு உடையாமல், வாண்டர் வால்ஸ் விசையால் மட்டும் ஒட்டியிருப்பது ஒரு வகை. மூலக்கூறு அணுக்களாகப் பிரிந்து பரப்பிலுள்ள அணுக்களுடன் பிணைப்பை ஏற்படுத்துவது மற்றொரு வகை. முதல் வகையில் வாயு எளிதில் வரும், எளிதில் போகும். இரண்டாம் வகையில் வந்தது எளிதில் போகாது.

நானோகுழாயிடம் அறிவியலாளர் எதிர்பார்த்தது யாதெனின், தட்டையான பரப்பில் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் இழுவிசை கிடைக்கிறது. குறுகிய குழாய்க்குள் நுழைந்த மூலக்கூற்றையோ சுற்றிலும் உள்ள சுவர் நாற்புறமும் இழுக்கும். ஆதலின் கவர்ச்சி வலுப்படும் என்பதே. இது நியாயமான எண்ணம். கணக்கீடுகளும் ஓரளவு இதற்குத் துணை நின்றன.

பெருகிய நம்பிக்கை

1997-ல் அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகத்தைச் சேர்ந்த தில்லன், ஹெபன் முதலியோர் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஒற்றைச்சுவர்க் குழாய்கள் கலந்த கரியில் குளிர்ந்த நிலையில் ஹைட்ரஜனை ஏற்றி, பின் மெல்லச் சூடாக்கி, வெளிவந்த வாயுவை அளந்தனர். அவர்களிடமிருந்த கரியில் நானோகுழாய்கள் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கே இருந்தன. ஆகவே கரி முழுவதும் ஏற்ற ஹைட்ரஜனும் மிகச் சிறிய அளவே. அந்த ஹைட்ரஜன் குழாய்களிலேயே தங்கியது என்று கொண்டு, தூய குழாய்கள் மட்டும் இருந்தால் தம் எடையில் 5 முதல் 10 விழுக்காடு வரை ஹைட்ரஜனை ஏற்கும் என்று மதிப்பிட்டனர். கார்களுக்குத் தேவை என்று கருதப்பட்ட அளவும் ஏறத்தாழ 6 விழுக்காடே. எனவே உலகெங்கும் பரபரப்பு உண்டாயிற்று.

1998-ல் பாஸ்டன் நகரிலிருந்து, கிராபைட் நானோ இழைகள் அறை வெப்பநிலையில் 67 விழுக்காடு வரை ஏற்றதாக ஒரு செய்தி வந்தது. 1999-ல் சிங்கப்பூரிலிருந்து, லித்தியம் சேர்த்த நானோகுழாய்கள் 20 விழுக்காடும், பொட்டாசியம் சேர்த்தவை 14 விழுக்காடும் ஏற்றதாக ஒரு செய்தி வந்தது. அதே ஆண்டில் சீனாவிலிருந்து, அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 100 வளிமண்டல அழுத்தத்தில் 4.2 விழுக்காடு என்று மற்றொரு செய்தி. எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் எல்லாமே பெரியவை.

ஒரு சிறு கணக்கு

இவ்விடத்தில் மாணவ நண்பர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன். பட்ட வகுப்பில் கற்ற அறிவே இதற்குப் போதும்.

67 விழுக்காடு என்றால், 100 கிராம் கலவையில் 67 கிராம் ஹைட்ரஜன், 33 கிராம் கார்பன். அதாவது ஒரு கிராம் கார்பனுக்கு ஏறத்தாழ இரண்டு கிராம் ஹைட்ரஜன். கார்பனின் அணு எடை 12, ஹைட்ரஜனின் அணு எடை 1. ஆகவே ஒவ்வொரு கார்பன் அணுவுக்கும் சுமார் 24 ஹைட்ரஜன் அணுக்கள்! கார்பனின் இணைதிறன் நான்கு. அது முழுவதும் நிறைவுற்ற மீத்தேனிலேயே ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன் அணுக்கள்தாம். எடையில் 25 விழுக்காடு. வேதிப் பிணைப்பாலேயே அடைய முடியாத அளவை, வெறும் ஒட்டுதலால் அடைய இயலுமா?

இரண்டாவது கணக்கு பரப்பைப் பற்றியது. கிராபைட் தளத்தில் ஓர் அணுவுக்குரிய பரப்பு 0.0262 சதுர நானோமீட்டர். ஒரு கிராம் கார்பனில் உள்ள அணுக்கள் அனைத்தையும் ஒரே தளமாக விரித்தால், ஒரு பக்கத்தின் பரப்பு ஏறத்தாழ 1,315 சதுர மீட்டர் வரும். ஒரு பரப்பின்மேல் நெருக்கமாகப் படியும் ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றுக்கு ஏறத்தாழ 0.14 சதுர நானோமீட்டர் இடம் வேண்டும். வகுத்தும் பெருக்கியும் பார்த்தால், ஒரு பக்கம் முழுவதும் ஓரடுக்கு ஹைட்ரஜன் படிந்தாலும் அதன் எடை 0.03 கிராமே. அதாவது மூன்று விழுக்காடு. இரு பக்கமும் படிந்தால் ஆறு விழுக்காடு. அதுவும் திரவத்தைப்போல் நெருங்கிப் படியும் கடுங்குளிரில்தான். அறை வெப்பநிலையில் இதில் சிறு பங்கே கிட்டும்.

இந்தக் கணக்குப் பெரிய கருவி எதையும் வேண்டாதது. எனினும் வியத்தகு எண்கள் வெளிவரும் காலத்தில் இத்தகைய எளிய கணக்குகளுக்குக் காது கொடுப்போர் சிலரே.

தவறு புகுந்த வழிகள்

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் பழமொழி. தீர விசாரிக்கும் வேலையைப் பல ஆய்வகங்கள் மேற்கொண்டன. அவர்கள் கண்டவை நமக்குப் பெரும் பாடங்கள்.

முதலாவது, ஈரம். லித்தியம், பொட்டாசியம் சேர்த்த குழாய்களைப் பற்றிய சோதனையை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ப் யாங் 2000-ல் மீண்டும் செய்து பார்த்தார். வாயுவில் கலந்திருந்த நீராவியைக் கார உலோகச் சேர்மங்கள் உறிஞ்சியதே எடை கூடியதற்குப் பெருங்காரணம் என்று தெரிந்தது. வாயுவை நன்கு உலர்த்தியபின் செய்ததில் ஏறத்தாழ 2 விழுக்காடே எஞ்சியது. தராசு எடை கூடியதை மட்டுமே சொல்லும். கூடியது எது என்று சொல்லாது.

இரண்டாவது, கருவியின் துகள். குழாய்களின் முனைகளைத் திறப்பதற்காக அவற்றை நைட்ரிக் அமிலத்தில் இட்டு, மீயொலி அதிர்வுக்கு உட்படுத்தும் முறை ஒன்று இருந்தது. அதிர்வைத் தரும் கோல் டைட்டானியம் உலோகக்கலவையாலானது. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தில் ஹிர்ஷர் குழுவினர் 2001-ல் இதனை ஆராய்ந்தனர். அவர்கள் செய்தது மிக எளிய, ஆனால் மிகக் கூரிய செயல். நானோகுழாய்களோடு கிராபைட்டையும் வைரத்தூளையும் அதே முறைக்கு உட்படுத்தினர். வைரத்தில் ஏது குழாய்? முடிவில், அதிர்வுக் கோலிலிருந்து உதிர்ந்த டைட்டானியத் துகள்களே ஹைட்ரஜனை ஏற்றன என்று கொண்டால் அளந்தது முழுவதும் விளங்கிவிடும் என்று காட்டினர். கரியைச் சோதிப்பதாக எண்ணி உலோகத்தைச் சோதித்திருக்கிறார்கள்!

மூன்றாவது, கசிவும் வெப்பமாற்றமும். மூடிய கலத்தில் அழுத்தம் எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அவ்வளவு வாயுவைக் கரி ஏற்றது என்று கணக்கிடுவது ஒரு முறை. ஆனால் நானோகுழாய் மிக விலையுயர்ந்ததாயிருந்ததால் எடுத்துக்கொண்டது ஒரு கிராமுக்கும் குறைவு. கலத்திலோ நூறு வளிமண்டல அழுத்தம். அந்நிலையில் இணைப்பு ஒன்றில் சிறு கசிவு ஏற்பட்டாலும், அறையின் வெப்பநிலை சற்றே மாறினாலும், அழுத்தம் குறையும். அந்தக் குறைவைக் கரியின் கணக்கில் எழுதிவிட்டால் பெரிய எண் வந்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பல்வகைக் கார்பன் பொருள்களைக் கவனமாக அளந்து, அறை வெப்பநிலையில் ஒரு விழுக்காட்டுக்கு மேற்பட்ட அளவுகளை நம்புவதற்கில்லை என்று 2001-ல் எழுதினர்.

2006-ல் அமெரிக்க ஆற்றல் துறை ஒரு முடிவுக்கு வந்தது. அறை வெப்பநிலையில் 6 விழுக்காடு என்னும் இலக்கைத் தூய ஒற்றைச்சுவர் நானோகுழாய்கள் எட்டவில்லை. ஆதலால் வண்டிகளில் ஹைட்ரஜனைச் சேமிக்கும் பொருளாக அவற்றைத் தொடர்ந்து ஆராய்வது நிறுத்தப்படும் என்று அறிவித்தது.

ஏன் ஒட்டவில்லை?

காரணம் எளிது. ஹைட்ரஜன் மூலக்கூற்றில் இருப்பவை இரண்டே எலெக்ட்ரான்கள். வாண்டர் வால்ஸ் விசை எலெக்ட்ரான் மேகத்தின் அசைவினால் உண்டாவது. மேகமே சிறிதாயின் விசையும் சிறிதாகும். கிராபைட் பரப்பில் ஹைட்ரஜன் ஒட்டும் ஆற்றல் ஒரு மோலுக்கு 4 முதல் 5 கிலோ ஜூல். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப அசைவாற்றலோ ஒரு மோலுக்கு ஏறத்தாழ 2.5 கிலோ ஜூல். இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு. எனவே புளியம்பழமும் ஓடும்போலத்தான் இவற்றின் உறவு, அருகிலிருந்தும் ஒட்டுவதில்லை. குழாயின் வளைவு இதனைச் சற்றே கூட்டினாலும் போதுமான அளவுக்குக் கூட்டவில்லை.

மறுபுறம், கார்பனும் ஹைட்ரஜனும் வேதிப் பிணைப்பில் இணைந்தால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 400 கிலோ ஜூல். ஒன்று மிகக் குறைவு, மற்றொன்று மிக அதிகம். அறை வெப்பநிலையில் நிரப்பவும் எடுக்கவும் எளிதாக இருக்க வேண்டுமானால் ஒட்டும் ஆற்றல் 15 கிலோ ஜூலையொட்டி இருத்தல் வேண்டும் என்று 2006-ல் கணக்கிட்டுள்ளனர். அந்த நடுவழியைத் தேடுவதே இத்துறையின் இன்றைய பணி.

திரவ நைட்ரஜனின் வெப்பநிலையில், அதாவது சுழியத்துக்குக் கீழே 196 டிகிரியில், நிலைமை வேறு. அங்கு வெப்ப அசைவு அடங்கிவிடுவதால் 500 சதுர மீட்டர் பரப்புக்கு ஏறத்தாழ ஒரு விழுக்காடு என்னும் விகிதத்தில் ஹைட்ரஜன் படிகிறது. ஆனால் அங்கும் நானோகுழாய்க்குத் தனிச்சிறப்பு இல்லை. பரப்பு மிகுந்த கிளர்வூட்டப்பட்ட கரியும் அவ்வாறே ஏற்கிறது, மிகக் குறைந்த விலையில்.

இன்றைய நிலை

இன்று ஓடும் ஹைட்ரஜன் கார்கள் பழைய முறையான அழுத்தத்தையே நம்புகின்றன. 2014 இறுதியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் கார், 700 வளிமண்டல அளவு அழுத்தத்தில் சுமார் 5 கிலோ ஹைட்ரஜனைச் சுமந்தது. இதில் சுவையான செய்தி ஒன்றுண்டு. அந்தக் கலத்தின் சுவருக்கு வலிமை தருவது கார்பன் இழை. ஹைட்ரஜனைத் தன்னுள் ஒட்டவைக்க முடியாத கார்பன், அதனை வெளியேறாமல் சூழ்ந்து காக்கும் அரணாக அமைந்துவிட்டது.

உலோக அணுக்களைக் கரிமச் சேர்மங்களால் இணைத்துக் கட்டிய நுண்துளைச் சட்டகங்கள் இப்போது பெரிதும் ஆராயப்படுகின்றன. ஒரு கிராமில் 7,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு கொண்டவையும் அவற்றில் உண்டு. இத்துறைக்கு வித்திட்ட கிடகாவா, ராப்சன், யாகி ஆகியோர்க்கு 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கடுங்குளிரில் இவை நன்கு ஏற்கின்றன. அறை வெப்பநிலையில் இவற்றுக்கும் அதே பழைய இடர்ப்பாடுதான். நானோகுழாய்களும் வீணாகிவிடவில்லை. லித்தியம் மின்கலங்களின் மின்வாய்களில் மின்சாரம் எளிதாகச் செல்லவும், பிளாஸ்டிக்குகளுக்கு மின்கடத்தும் தன்மை அளிக்கவும் அவை பயன்படுகின்றன.

2023 சனவரியில் நம் நாடு தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 இலட்சம் டன் உற்பத்தி என்பது அதன் இலக்கு. அவ்வளவு ஹைட்ரஜனை உண்டாக்கினால் மட்டும் போதாது. வைக்கவும் கொண்டு செல்லவும் வழி வேண்டும். ஆகவே இச்சிக்கல் தொலைவிலுள்ள அயல்நாட்டு ஆய்வகங்களின் சிக்கல் மட்டுமன்று. இன்று வேதியியலும் இயற்பியலும் பயிலும் நமக்காகவும் அது காத்திருக்கிறது.

நானோகுழாயின் கதையைத் தோல்விக் கதை என்று சிலர் கூறக்கூடும். 67 என்று சொன்ன எண் ஒன்றுக்கும் கீழே இறங்கியது உண்மையே. ஆனால் அதை இறக்கியது வாதமோ வசையோ அன்று. உலர்த்திய வாயுவும், கசியாத இணைப்பும், ஒப்பிட வைத்த ஒரு சிட்டிகை வைரத்தூளும் ஆகும். நம் செய்முறை வகுப்புகளில் ஆசிரியர்கள் வெற்றுச் சோதனை செய்யச் சொல்லும்போதும், ஒரே அளவை மூன்று முறை எடுக்கச் சொல்லும்போதும் நாம் சலித்துக்கொள்வதுண்டு. அந்தச் சலிப்பூட்டும் பழக்கம்தான், ஒரு பெரும் துறை பல ஆண்டுகள் தவறான வழியில் சென்றபோது அதைத் திருப்பிக் கொண்டுவந்தது. நாளை நம்முள் ஒருவர் 15 கிலோ ஜூல் ஆற்றலில் ஹைட்ரஜனைப் பிடிக்கும் பொருளைக் கண்டறிந்தால், அவர் முதலில் செய்ய வேண்டியது அதை அறிவிப்பதன்று. அப்பொருள் இல்லாமலே அச்சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பதேயாகும்.